டவர் இருக்கு, ஆனா போகலை

வெம்ப்ளி மைதானத்தில் பாட்டுக் கச்சேரி முடிகிறது. 90,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் அரை மணி நேரத்தில் காலியாகி, கூட்டம் ரயில் நிலையத்தை நோக்கி நகர்கிறது. எல்லோர் கையிலும் போன். திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் ஒன்று விடாமல் நிறைந்திருக்கின்றன. ஆனாலும் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று வீட்டுக்கு அனுப்பிய ஒற்றை வரி வாட்ஸ்அப்பில் கடிகாரப் பொம்மையோடு தொங்கிக்கொண்டே இருக்கிறது. மெட்ரோபொலிட்டன் லைனில் ஏறி, ஹாரோ-ஆன்-த-ஹில்லைத் தாண்டி, ரெய்னர்ஸ் லேனில் இறங்கும் சமயத்தில்தான் ‘டிக்’ விழுகிறது. அதற்குள் ஆளே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

வெம்ப்ளிக்குப் போகாதவர்களுக்கும் இது புதிதில்லை. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேரை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு நேரலையில் காட்டப் பார்த்தவர்களைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 6 அன்று விமானப் படைச் சாகசம் பார்க்க மெரினாவில் திரண்ட லட்சக்கணக்கானோரில் யாரையாவது கேளுங்கள். “டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா போகமாட்டேங்குது” என்பார்கள்.

கோடு நிறைய இருந்தும் ஏன் போவதில்லை? இதற்கு விடை தெரிந்தால், பொறியாளர்கள் ஏன் டவரையே தூக்கி டிரோனில் பறக்கவிட ஆசைப்படுகிறார்கள் என்பதும் புரியும். அந்த ஆசை எந்த இடத்தில் பலிக்கும், எந்த இடத்தில் பலிக்காது என்பதும் சேர்ந்தே புரியும்.

கோடு அளப்பது எதை?

ஒவ்வொரு டவரும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற ஓர் அடையாள சமிக்ஞையை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் போன் அந்த அடையாளம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று அளந்து கோடாக வரைகிறது. பெரும்பாலும் கோடு சொல்வது இவ்வளவுதான். அந்த டவரிடம் இப்போது எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், உங்கள் முறை எப்போது வரும் என்பது அதில் இல்லை. ஆளில்லாத அதிகாலை மூன்று மணிக்கும் கச்சேரி முடிந்த இரவு பதினொன்றுக்கும் ஒரே இடத்தில் நின்றால் கோடு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு டவர் கவனித்துக்கொள்ளும் நிலப்பரப்புக்குச் சிற்றறை என்று பெயர் வைப்போம். செல்போன் என்பதில் வரும் ‘செல்’ இதுதான். நகரம் முழுவதும் இத்தகைய சிற்றறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு சிற்றறைக்குக் கிடைத்திருக்கும் அலைக்கற்றை அளவானது. 2ஜி வழக்கின் புண்ணியத்தில் அந்தப் பொருள் எவ்வளவு விலை போகும் என்று தமிழ்நாட்டில் டீக்கடை வரை தெரியும். சிற்றறைக்குள் பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் பங்கு போட வேண்டியது அதே கற்றையைத்தான்.

நூறு கட்டங்கள்

பங்கு எப்படிப் போடப்படுகிறது? 4ஜியில் வழக்கமான பெரிய கற்றை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டவர் அதை அகலவாக்கில் 100 கட்டங்களாக வெட்டுகிறது. விநாடிக்கு ஆயிரம் முறை, அதாவது ஒவ்வொரு மில்லி விநாடியும், இந்த நூறு கட்டங்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று புதிதாக முடிவு செய்கிறது. உங்கள் போட்டோ இப்படிப்பட்ட ஏராளமான கட்டங்களில் துண்டு துண்டாக ஏறிப் போகிறது.

எல்லாக் கட்டமும் எல்லோருக்கும் சமம் கிடையாது என்பதுதான் இதில் சூட்சுமம். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் ஒருவர்தான். அருகில் உட்கார்ந்திருப்பவர் ‘சாம்பார்’ என்றதும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுகிறார். கடைசி மூலையில், நாதசுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டது ரசமா மோரா என்று நான்கு தடவை கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது. அவரும் ஒரு கரண்டிதான் சாப்பிடுகிறார். ஆனால் பரிமாறுபவரின் நேரத்தில் நான்கு பேர் பங்கை எடுத்துக்கொள்கிறார். பந்தி முழுக்கக் காத்திருக்கிறது.

டவருக்கும் இதே கதைதான். பக்கத்தில் தெளிவாகக் கேட்கும் போனுக்கு ஒரு கட்டத்தில் நிறையத் தகவலை அடைத்து அனுப்பலாம். ஓரத்தில், சுவர்களுக்குப் பின்னால், அண்டை டவரின் இரைச்சலுக்கு நடுவே இருக்கும் போனுக்கு அதே தகவலைப் பல தடவை திரும்பச் சொல்வதுபோல் விரித்து அனுப்ப வேண்டும். 4ஜி விதிகளின் அடிப்படை அட்டவணையில் மிக நல்ல நிலைக்கும் மிக மோசமான நிலைக்கும் இடையே ஒரு கட்டம் சுமக்கும் தகவலில் சுமார் 36 மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஓரத்தில் நிற்கும் ஒருவர் 36 பேரின் இடத்தை விழுங்கலாம் என்று பொருள். அவருக்கே அது தெரியாது.

நீங்கள் அனுப்பும் பக்கம் இன்னும் பாவம். டவரின் ஒலிபரப்புக் கருவி பத்துக்கணக்கான வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் போன் அதிகபட்சம் பேசுவது 0.2 வாட். டவர் சொல்வது உங்களுக்குக் கணீரென்று கேட்கும், கோடு நிறையும். நீங்கள் சொல்வது டவருக்கு முணுமுணுப்பாகப் போய்ச் சேரும். கச்சேரியில் எல்லோரும் செய்வதோ வீடியோவை மேலே ஏற்றுவது.

பக்கத்து டவர் சும்மா இருக்கிறதே

கூட்டம் ஒருபோதும் சமமாகப் பரவி நிற்பதில்லை. ஒரு சிற்றறை பிதுங்கும்போது அடுத்தது பாதி காலியாக இருக்கும். நிறைந்ததிலிருந்து காலியானதுக்கு ஆட்களை நகர்த்துவதைச் சுமைப் பகிர்வு என்கிறார்கள்.

டிரோன் இல்லாமலேயே இதைச் செய்ய ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. போன் எந்த டவரின் அடையாளம் பலமாகக் கேட்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே வலையமைப்பு போனிடம், ‘அந்தப் பக்கத்து டவரை நீ அளந்ததைவிட இரண்டு மடங்கு, நான்கு மடங்கு பலமாக வைத்துக் கணக்கிடு’ என்று சொல்லிவைக்கிறது. பொய்தான். ஆனால் நல்ல நோக்கத்துக்கான பொய். போன் அதை நம்பி, இன்னும் சற்றுத் தொலைவில் காலியாக இருக்கும் டவருக்கு மாறிக்கொள்கிறது. நீங்கள் நடந்துபோகும்போதும் ரயிலில் போகும்போதும் இது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அளவுக்கு மீறிப் பொய் சொன்னால் போன் உண்மையிலேயே சரியாகக் கேட்காத டவரிடம் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டு டவர்களும் ஒரே நேரத்தில் ஆள் தள்ள ஆரம்பித்தால் போன் இங்குமங்கும் பந்தாடப்படும். அதனால் பொறியாளர்கள் இந்தத் திருகை மெல்லத்தான் திருப்புவார்கள்.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு கணக்கு

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கூட்டல் பெருக்கல் போதும். எண்கள் நான் வைத்துக்கொண்டவை; அவற்றுக்கு இடையிலான விகிதங்கள் மட்டும் நடைமுறையில் காணக்கூடியவை.

ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் மெட்ரோபொலிட்டன் லைனும் பிக்கடில்லி லைனும் சந்திக்கின்றன. வெம்ப்ளியிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் போகும் ரயில்கள் இங்கே நின்றுதான் போகும். நிலையத்துக்குக் கிழக்கே ஒரு டவர், மேற்கே ஒரு டவர் என்று கொள்வோம். ஒவ்வொன்றிடமும் 100 கட்டங்கள். நடைமேடை கிழக்கு டவரின் சிற்றறையில், அதன் கடைசி ஓரத்தில் இருக்கிறது.

கிழக்கு டவரின் அருகே தெருக்களிலும் வீடுகளிலும் 80 போன்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போதும். மொத்தம் 80. ரயில் வந்து நிற்கிறது, நடைமேடையில் 10 போன்கள் விழித்துக்கொள்கின்றன. ஓரத்தில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 4 கட்டங்கள் வேண்டும். மொத்தம் 40. ஆக 120 தேவை, இருப்பது 100. மேற்கு டவரில் செலவாவது 30 மட்டுமே.

முதல் வழி, மேலே சொன்ன பொய். நடைமேடைப் போன்களை மேற்கு டவருக்குத் தள்ளுகிறோம். அது இன்னும் தொலைவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் 6 கட்டங்கள் தேவைப்படும். மேற்கில் 30 உடன் 60 சேர்ந்து 90. கிழக்கில் 80. இரண்டும் சமாளித்துவிட்டன. ஆனால் எதிர்ப் பக்கம் பிக்கடில்லி ரயில் வந்து இன்னும் 5 போன்கள் சேர்ந்தால் மேற்கில் 30 கூடி 120 ஆகிவிடும். பிரச்சினை கிழக்கிலிருந்து மேற்குக்கு முகவரி மாறியிருக்கிறதே தவிரத் தீரவில்லை.

இரண்டாம் வழி, நிலையத்துக்கு மேலே ஒரு டிரோன். அதில் இருப்பது முழு டவர் அல்ல. ஒரு பக்கம் போன்களிடம் கேட்டு மறுபக்கம் டவரிடம் சொல்லும் கருவி. அதை இடைமாற்றி என்போம். போன்களுக்கு அது கூப்பிடு தூரத்தில், மறைப்பு ஏதுமின்றி இருக்கிறது. எனவே ஒரு போனுக்கு ஒரு கட்டம் போதும். டிரோனுக்கும் மேற்கு டவருக்கும் இடையே கூரையோ மரமோ கிடையாது. அந்தத் தாவலுக்கும் ஒரு கட்டம் போதும். போனுக்கு 2 கட்டங்கள் வீதம் பத்துப் போன்களுக்கு 20. மேற்கு டவர் 50இல் நிற்கிறது. பிக்கடில்லி கூட்டம் வந்தாலும் 60தான்.

கவனியுங்கள், டிரோன் புதிதாக ஓர் அணுவளவு அலைக்கற்றையைக்கூடக் கொண்டுவரவில்லை. 60 கட்டங்களை விழுங்கிய வேலையை 20இல் முடித்திருக்கிறது, அவ்வளவே. மிச்சம் பிடித்த 40 கட்டங்களும், கருவி எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலிருந்து மட்டும் வந்தவை.

இதே கணக்கில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. இடைமாற்றி வழியாகப் போகும் தகவல் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. டவருக்கு அருகில் ஒரே கட்டத்தில் வேலையை முடித்துக்கொண்டிருந்த அந்த 80 போன்களையும் டிரோன் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் 80 என்பது 160 ஆகிவிடும். உதவிக்கு வந்தவர் உபத்திரவமாகிவிடுவார். எனவே டிரோன் யாரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைவிட யாரைத் தொடக்கூடாது என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான தலைவலி. ஆய்வுக் கட்டுரைகள் குவிவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

எவ்வளவு உயரம்?

டிரோனை எந்த உயரத்தில் நிறுத்துவது? தாழப் பறந்தால் வீடுகளும் மரங்களும் மறைக்கும். மேலே போகப் போக மறைப்பு குறையும், ஆனால் தொலைவு கூடும். நடுவில் எங்கோ ஓர் உகந்த உயரம் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அக்ரம் அல்-ஹௌரானி, சிதம்பரநாதன் காண்டீபன் ஆகியோர் சைமன் லார்ட்னருடன் சேர்ந்து 2014இல் இதற்கு ஒரு விடை கண்டார்கள். நடுப் பெயரைப் பார்த்ததும் தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், தப்பில்லை. வானிலிருந்து தரைக்குச் சேவை செய்வது பற்றிப் பின்னால் வந்த ஏராளமான கட்டுரைகளுக்கு இந்தச் சிறிய கட்டுரைதான் தொடக்கப் புள்ளி.

அவர்கள் சொன்னதைப் படம்போல் விளக்கலாம். சேவை கிடைக்கும் வட்டத்தின் கடைசி ஓரத்தில் நின்றுகொண்டு டிரோனை அண்ணாந்து பாருங்கள். தரையிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறது என்பதுதான் முக்கியம். தாழ்ந்த வீடுகள் நிறைந்த புறநகரில் அது சுமார் 20 பாகையாக இருக்கும்போது வட்டம் மிகப் பெரிதாகிறது. சாதாரண நகரத்தில் 42. நெரிசலான நகரத்தில் 55. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே 75ஐத் தாண்டுகிறது. ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ரெய்னர்ஸ் லேன் 1906இல் வயல்வெளிக்கு நடுவே ஒரு சின்ன ரயில் நிறுத்தமாகத் தொடங்கியது. பெயரே அங்கிருந்த ரெய்னர் என்ற விவசாயியுடையது என்பார்கள். 1930களில் ரயிலை நம்பி வீடுகள் முளைத்தன. இரண்டு மாடி, சரிந்த ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு தோட்டம். இன்றும் பெரும்பகுதி அப்படியேதான். கணக்குக்கு இது அச்சு அசல் புறநகர். பிரிட்டனில் சாதாரண அனுமதியில் டிரோன் தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 120 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஓரத்தில் 20 பாகை வருமாறு வட்டம் போட்டால் அதன் ஆரம் சுமார் 330 மீட்டர். நிலையமும் கடைத்தெருவும் பக்கத்துச் சந்துகளும் அதற்குள் வந்துவிடும்.

அதே டிரோனை அதே உயரத்தில் வெம்ப்ளி பார்க்குக்குக் கொண்டுபோங்கள். மைதானத்தைச் சுற்றி இப்போது அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. 75 பாகைக் கணக்கில் வட்டத்தின் ஆரம் முப்பது மீட்டர் சொச்சம்தான். அதைத் தாண்டினால் சேவை பட்டென்று அறுந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த உயரத்துக்குச் சிக்கனமான வட்டம் அவ்வளவுதான் என்று அர்த்தம். இன்னும் பெரிய வட்டம் வேண்டுமென்றால் உயரே போக வேண்டும். 120 மீட்டர் என்பதோ மைதானத்தின் புகழ்பெற்ற வளைவைவிடத் தாழ்வு; வளைவின் உச்சி 133 மீட்டர். கூட்டம் அதிகமுள்ள இடத்தில்தான் டிரோன் மிகக் குறைவாகப் பயன்படுகிறது.

மேலிருந்து பேசினால் ஊருக்கே கேட்கும்

உயரத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. தரையில் கட்டடங்கள் தொல்லை மட்டும் செய்வதில்லை. ஒரு சிற்றறையின் பேச்சு மூன்று தெரு தாண்டி அடுத்த சிற்றறையில் போய் விழாமல் தடுத்துக் காப்பாற்றுவதும் அவைதான். டவர்களின் அலைவாங்கிகளைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுவதும் அதற்காகவே.

டிரோன் இந்த ஏற்பாடு முழுவதற்கும் மேலே போய் நிற்கிறது. அங்கிருந்து அதற்குப் பத்துப் பதினைந்து டவர்கள் ஒரே நேரத்தில் தெரியும். அதன் பேச்சு அத்தனை டவருக்கும் கேட்கும். குவால்காம் நிறுவனம் சான் டியாகோவில் 4ஜி வலையமைப்பில் டிரோன்களைப் பறக்கவிட்டுச் சோதித்து 2017இல் வெளியிட்ட அறிக்கை இதை உறுதிப்படுத்தியது. 120 மீட்டர் உயரத்தில் சிக்னல் தரையைவிடப் பலமாகவே கிடைத்தது. கூடவே அண்டைச் சிற்றறைகளுக்கு டிரோன் கொடுத்த இரைச்சலும் கூடியது. ஆகவே நல்ல இடைமாற்றி டிரோன் நாலாபக்கமும் கத்தக்கூடாது. டவரை நோக்கி ஒடுங்கிய கற்றையாகவும், கீழே போன்களை நோக்கி அளந்த சக்தியிலும் பேச வேண்டும். காற்றில் ஆடிக்கொண்டே குறி தவறாமல் இதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தரத்தில் நிற்பதற்கு ஆகும் செலவு

டிரோன் திட்டங்கள் பெரும்பாலும் மண்ணைக் கவ்வுவது வானொலி நுட்பத்தால் அல்ல, பேட்டரியால். நான்கு விசிறி வைத்து ஒரு கிலோ எடையை அந்தரத்தில் நிறுத்தவே பொதுவாக நூறு வாட்டுக்கு மேல் ஆகிறது. பேட்டரி, விசிறி, கருவி எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ என்றால் ஐந்நூறு வாட்டுக்கு மேல். இடைமாற்றி ஒலிபரப்பும் சக்தியோ சில வாட்தான். செலவாகும் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு சும்மா விழாமல் நிற்பதற்கே போய்விடுகிறது. இருபது முப்பது நிமிடத்தில் இறங்கியாக வேண்டும். கால்பந்து ஆட்டத்தின் ஒரு பாதிகூட முடிந்திருக்காது.

இதற்கு எளிய பரிகாரம், கயிறு. தரையில் இருக்கும் மின் இயந்திரத்திலிருந்து கம்பி வழியாக மின்சாரம் ஏற்றலாம். அதே கம்பியில் கண்ணாடி இழை வைத்துத் தகவலையும் அனுப்பிவிட்டால் காற்றில் இரண்டு முறை போகும் அந்த இரட்டைச் செலவும் மிச்சம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் இதைத்தான் செய்தது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அந்தத் தீவின் டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் செயலிழந்தன. நவம்பரில் சான் ஹுவானில் ஏறிய கயிறு கட்டிய டிரோன் சுமார் 60 மீட்டர் உயரத்தில் நின்று, அதிகபட்சம் 100 சதுர கிலோமீட்டர் வரை சேவை தரவல்லது என்று நிறுவனம் சொன்னது. சுற்றிலும் டவர்கள் பல செயலிழந்திருக்கும்போது இரைச்சல் தொல்லையும் குறைவு. மேலே பார்த்த கணக்குகள் எல்லாம் அங்கே டிரோனுக்குச் சாதகமாகப் புரண்டுவிடுகின்றன.

பிரிட்டனில் அதே 2017 பிப்ரவரியில் ஈஈ நிறுவனம் ஹெலிகைட் என்ற கருவியில் சிறு டவரைக் கட்டிக் காட்டியது. பாதி ஹீலியம் பலூன், பாதி பட்டம். மிதப்பதற்கு மின்சாரமே வேண்டாம், காற்று வீசினால் இன்னும் நன்றாக நிற்கும். எனக்கு இந்த யோசனை டிரோனைவிடப் பிடிக்கும். விசிறியின் இரைச்சலாவது மிச்சம்.

பலூனுக்கும் அதன் தொல்லைகள் உண்டு என்று இலங்கைக்குத் தெரியும். கூகுளின் லூன் திட்டம் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பலூன்களை மிதக்கவிட்டுத் தீவு முழுவதற்கும் இணையம் தருவதாக 2015 ஜூலையில் கொழும்பில் ஒப்பந்தமானது. 2016 பிப்ரவரியில் சோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியது. திட்டமிட்ட தரையிறக்கம்தான் என்றார்கள். கொழுந்து பறிக்கும் இடத்தில் அதைக் கண்டவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. இலங்கைத் திட்டம் பிறகு அலைக்கற்றை ஒதுக்கீட்டில் சிக்கி நின்றுபோனது. லூன் நிறுவனமே மூடப்படுவதாக 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

0.4 மெகாபைட்

என்னைப் பொறுத்தவரை, டிரோன் இடைமாற்றி தன் வேலையை நிரூபித்த நாள் 2021 ஜூலை 21. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் வரலாறு காணாத மழை. கோங்யி நகரைச் சேர்ந்த மிஹெ என்ற சிற்றூர் மின்சாரமும் சாலையும் போனும் அறுந்து தனித்துக் கிடந்தது. விங் லூங்-2எச் என்ற பெரிய, விமானம் போன்ற ஆளில்லா ஊர்தி தென்மேற்கே குய்ஜோ மாகாணத்திலிருந்து கிளம்பி, நான்கு மணி நேரம்போலப் பறந்து அன்று மாலை மிஹெ மீது வட்டமிட்டது. கீழே சுமார் 50 சதுர கிலோமீட்டரில் போன்களில் கோடு முளைத்தது.

இரவு எட்டு மணி வரையான கணக்கு வெளியானது. அதில் இணைந்த போன்கள் 2,572. கடந்துபோன தகவல் மொத்தம் 1,089.89 மெகாபைட். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 0.4 மெகாபைட்டுக்குச் சற்று மேல். வெம்ப்ளியில் எடுக்கும் ஒரு வீடியோவுக்கு இது சில விநாடிகூடப் போதாது. மிஹெயில் ஒரு குறுஞ்செய்தி, ஒரு சிறு அழைப்பு, நாங்கள் மாடியில் இருக்கிறோம் என்ற தகவல் எல்லாம் இதற்குள் அடங்கும்.

2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோதும் சாஃப்ட்பேங்க் நிறுவனம் கயிறு கட்டிய டிரோன் இடைமாற்றியை வாஜிமா பகுதியில் ஏற்றியது. டவர் இருந்து நெரிசலாவது வேறு, டவரே இல்லாமல் போவது வேறு. டிரோனைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். முதலாவதில் டிரோன் அரைகுறை மருந்து, இரண்டாவதில் ஏறக்குறைய ஒரே மருந்து.

வெம்ப்ளிக்கு வேறு வழி

வெம்ப்ளி இரவுக்கு டிரோன் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அங்கே கூட்டம் எப்போது வரும், எந்த வாசலில் வெளியேறும் என்பது மாதக்கணக்கில் முன்பே தெரியும். தெரிந்த இடத்தில் விளக்குக் கம்பத்திலும் நிலையத்தின் கூரையிலும் சின்னச் சின்ன நிரந்தர டவர்களைப் பொருத்துவது மலிவு. கூட்டத்தின் தலைக்கு மேலே டிரோனை நிறுத்தச் சாதாரண அனுமதி போதாது, தனி ஒப்புதல் வாங்க வேண்டும். அது விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் காரணம். ரெய்னர்ஸ் லேனுக்கு இன்னொரு சங்கடம்: தென்மேற்கே சுமார் 4 கிலோமீட்டரில் நார்த்தோல்ட் விமானப்படைத் தளம். விமான நிலையங்களைச் சுற்றி அனுமதியின்றி டிரோன் பறக்கக்கூடாத வளையம் உண்டு. அந்த வளையத்தின் ஓரம் இங்கிருந்து அதிகத் தூரமில்லை.

ஆனால் இடைமாற்றி என்ற யோசனையை டிரோனோடு சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கச்சேரி முடிந்து வெம்ப்ளி பார்க்கிலிருந்து கிளம்பும் மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறக்குறைய ஆயிரம் பேர் ஏறலாம். அந்த ஆயிரம் போன்களும் ஒரே வேகத்தில், ஒரே பாதையில் நகர்கின்றன. சிற்றறை எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ஆயிரமும் ஒரே நேரத்தில் அடுத்த டவரின் கதவைத் தட்டுகின்றன. உலோகப் பெட்டிக்குள் இருப்பதால் அத்தனையும் ஓரத்தில் நிற்கும் போன் போல முணுமுணுக்கின்றன. நம் கணக்கில் ஒவ்வொன்றும் நான்கு கட்டம், ஆறு கட்டம் கேட்கும் ரகம்.

ரயிலின் கூரைமேல் ஓர் இடைமாற்றியை வைத்தால் போன்கள் பெட்டிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளும். வெளியே டவரிடம் பேசுவது அந்த ஒன்று மட்டும், அதுவும் தடையில்லாத கூரையிலிருந்து. மின்சாரம் ரயிலிலேயே இருக்கிறது. விழ வழியில்லை. விமானத் தளத்திடம் அனுமதி கேட்க வேண்டாம். உலகத்துக்கான 5ஜி விதிகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு, 2024இல் நிறைவுசெய்த பதினெட்டாவது பதிப்பில் வாகனங்களில் பொருத்திய இத்தகைய நகரும் இடைமாற்றிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த ரயில் ரெய்னர்ஸ் லேனில் நிற்கும் ஒரு நிமிடத்தில் அதன் கூரை இடைமாற்றி, நடைமேடையில் காத்திருப்பவர்களின் போன்களையும் தவறுதலாக இழுத்துக்கொள்ளாமல் எப்படித் தடுப்பது என்பது பொறியாளர்கள் இனித் தீர்க்க வேண்டிய கேள்விகளில் ஒன்று. தடுக்காவிட்டால், கதவு மூடி ரயில் ஈஸ்ட்கோட் பக்கம் கிளம்பியதும் அந்தப் போன்கள் அத்தனையும் நடுப் பேச்சில் அறுந்துபோகும்.